உயிரோடிருந்தவருக்குத் திவசம்

அந்தச் செய்தி வந்தபோது நான் ரொறன்ரோவில், அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க்கடையில் பயற்றங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: பழம்பெரும் நடிகை சென்னையில் காலமானார். கீழே படம். கழுத்தைச் சற்றே சாய்த்து, ஒற்றை முத்துமாலையோடு, எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதுபோல் என் அம்மா.

எங்கள் வீட்டுச் சாமியறையில் இருக்கும் அதே படம். எங்களுடையதில் பொட்டுக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பயற்றங்காயை அப்படியே விட்டுவிட்டுக் காருக்குள் போய் இருந்தேன். முதலில் வந்தது கோபம். எந்த மடையன் என் அம்மாவின் படத்தை எடுத்து ஒரு நடிகையின் சாவுக்குப் போட்டான்? அந்த ஆத்திரத்தில் வேறு இடங்களைத் தட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அம்மாதான் செத்திருந்தார்.

அம்மா இறந்தபோது எனக்கு இரண்டு வயது. முகம் துளியும் ஞாபகமில்லை. பிறகு வந்த இடப்பெயர்வில் வீட்டோடு பட அல்பங்களும் எரிந்துபோயின. நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் அப்பா ஒருநாள் சட்டம் போட்ட படமொன்றைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். அம்மா என்றார். வேறென்ன கேட்க இருக்கிறது? என் மூக்கு அம்மாவின் மூக்கு என்று கண்ணாடியில் நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன். கலியாணத்தன்று அந்தப் படத்தை விழுந்து கும்பிட்டு அழுதேன்.

ஒவ்வொரு வருடமும் ஆவணியில் திதி பார்த்துத் திவசம் செய்வோம். பூசணிக்காய்க் கறி, வாழைக்காய், வடை, பாயாசம். படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்போம். பின்வளவில் காகத்துக்கு வைக்கும் சோற்றை எப்போதும் அணில் முந்திக்கொண்டு தின்றுவிடும். கனடாவில், செத்த ஆக்கள் அணிலாகத்தான் வருகிறார்களாக்கும் என்று அப்பாவைச் சீண்டுவேன். அவர் சிரிக்கமாட்டார். இவ்வளவு காலமும் அந்தப் படத்திலிருந்த மனுசி சென்னையில் மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். உயிரோடிருந்த ஒருத்திக்கு நாங்கள் எள்ளும் தண்ணீரும் இறைத்திருக்கிறோம். அந்த நாட்களில் அவருக்குக் காரணமில்லாமல் நெஞ்சு பாரமாக இருந்திருக்குமோ என்று நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

அவருடைய கதையைத் தேடித் தேடி வாசித்தேன். சின்ன வயதில் சினிமாவுக்கு வந்தவர். கலியாணம் முடித்த ஒரு கதாநாயகனைக் காதலித்து, அவன் கட்டிக் கொடுத்த வீட்டில் அவன் வருவான் வருவான் என்று இருந்தார். அவன் தன் வீட்டோடு நின்றுவிட்டான். பிறகு ஒரு ஒளிப்பதிவாளர்; அவர் நோயில் போனார். கடைசியாக மாலை மாற்றியவர் நடிக்கக் கூடாது என்று சொல்லி நடிப்பை நிறுத்தி, பிறகு இவரையும் கைவிட்டார். பிள்ளைகள் இல்லை. இதையெல்லாம் வாசிக்கும்போது, அம்மா எனக்குத் தெரியாமல் இன்னொரு வாழ்க்கை வாழ்ந்துவிட்டார் என்று மனம் கிடந்து எரிந்தது. புத்திக்குத் தெரிகிறது, மனம் கேட்டால்தானே.

அடுத்தநாள் மத்தியானம், வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம், அவர் நடித்த சினிமாப் படமொன்றை லாப்டொப்பில் போட்டேன். சுவரில் அசையாமல் இருந்த முகம் திரும்பியது. கண் சிமிட்டியது. அம்மாவின் குரலை அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன். மரத்தடியில் நின்று ஒருவனிடம், போகாதே என்று கெஞ்சினார். லாப்டொப்பைப் படாரென்று மூடிவிட்டேன். அன்றிலிருந்து சாமியறையைக் கடக்கும்போது அந்த உதடுகள் அசையும் என்றே தோன்றியது.

ஊரில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அன்ரி இப்போது பிக்கரிங்கில் இருக்கிறார். அவருக்கு போன் எடுத்தேன். சாமியறைப் படம் யாருடையது என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும் பிள்ளை," என்றார். "கொம்மாவின்ர படம் ஒண்டும் ஆரிட்டையும் இல்லை. அந்த மனுசனை ஏன் நோகடிப்பான் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

திவசத்துக்கு வந்து, படத்தைப் பார்த்து என்ன வடிவு என்று சொல்லிவிட்டுப் பாயாசம் குடித்துப் போனவர்கள் எல்லாரும் கண்முன்னால் வந்தார்கள். அம்மா அந்த நடிகை மாதிரியாவது இருந்தவரா என்று கேட்டேன். சிரித்தால் மட்டும் கொஞ்சம் அந்தச் சாயல் என்றார். அம்மா நல்ல கறுப்பாம். முன்பல்லு வெளியே தள்ளி மிதப்பாம். கதைக்கும்போது கையால் வாயைப் பொத்துவாராம். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

அப்பா குசினி மேசையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் இருந்து, செய்தியைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. தன் கலியாண வீட்டில், பொம்பிளைக்கு அந்த நடிகையின் சாயல் என்று பெடியள் அவரை நடிகையின் பெயர் சொல்லிப் பகிடி பண்ணியதையும், இங்கே ஒரு கடையில் பழைய கலண்டரில் அந்தப் படத்தைக் கண்டதையும் சொன்னார்.

"நீ அம்மா எங்கை, அம்மா எங்கை எண்டு ஆக்கினை. உனக்கு ஒரு முகம் வேணுமெல்லோ."

"சரி அப்பா. இப்ப சொல்லுங்கோ. அம்மா உண்மையில என்ன மாதிரி இருந்தவ?"

கண்ணை மூடினார். நான் காத்திருந்தேன். தேநீர் ஆறிப்போகும்வரை காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது அவருடைய முகம் பயந்துபோயிருந்தது.

"உவதான் வாறா பிள்ளை," என்று போனில் இருந்த நடிகையின் படத்தைக் காட்டினார். "எந்தப் பக்கத்தால நினைச்சாலும் உவதான் வாறா."

என்னால் அவரை ஏசவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. அன்ரி சொன்னவ, அம்மாவுக்கு முன்பல்லு மிதப்பாம், கதைக்கேக்கை வாயைப் பொத்துவாவாம் என்று மெல்லச் சொன்னேன்.

அப்பா கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

"அப்பிடியோ?" என்றார். "வேற என்ன சொன்னவ?"