மோதிரப் பட்டறையின் கோபக்காரி

கல்முனையில் ஒரு நகைப் பட்டறையில், கல்யாணம் பேசியவர்கள் தங்கள் மோதிரங்களைத் தாங்களே செய்யலாம். நிக்காஹ் முடியாத பிள்ளைகளைத் தனியே விடலாமா? மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் காவலாக நான் போனேன். உண்மையில் காவல் தேவைப்பட்டது எனக்குத்தான்.

பட்டறையை நடத்தியவர் ஒல்லியான, தலை நரைத்த பெண். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நான் உள்ளே நுழைந்ததிலிருந்து அதற்கு ஓய்வே இல்லை.

மாப்பிள்ளைக்கான வெள்ளி மோதிரத்தைப் பற்றவைக்க மகள் தீக்குழாயை எடுத்தாள். "ஐயோ மகள், உடு! மாப்பிள்ளைட்டக் குடு!" என்று கத்தியபடி அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவளால் சுவாலையை விலக்க முடியவில்லை. மோதிரம் உருகி உருண்டையானது. மகள் அழுதுவிட்டாள்.

"பரவாயில்ல, மூக்குத்தி ஆக்குவம்," என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

கண்ணாடி கழன்றது. அண்ணன் முறை சொல்லியேதான் ஏசினார். "காக்கா, இவ்வளவு நேரமும் இந்தப் புள்ளைக்குக் கை நடுங்கல்ல. இப்ப நடுங்குது, பாருங்க. வெள்ளி வேற தரலாம். இந்தப் பயத்த என்னெண்டு சரிக்கட்டுற? வெளிய போய் நில்லுங்க!"

"நான் அவட வாப்பா!"

"ஓம், அதுக்குத்தான் சொல்றன்."

வெளியே நின்று ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். மகள் மறுபடி தீயை மூட்டினாள். பின்னால் நின்ற அந்தப் பெண் தன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துப் பிடித்திருந்தார். தீக்குழாயைப் பிடிக்க விரல்கள் துடித்தன. மோதிரம் ஒட்டி முடியும்வரை ஒரு கைகூட முன்னுக்கு வரவில்லை.

அந்த மனிசி மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பெற்ற என்னால் ஒரு நிமிஷம் முடியாததை அவர் எப்படிச் செய்தார்?