மகள் சொல்லாமல் விட்ட வரி

சிறுநீரில் புரதம் கசிகிறது என்று செங்கல்பட்டு டாக்டர் எனக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மருந்து தன் வேலையைச் செய்தது. கால் வீக்கம் வற்றியது. ஆனால் முகம் உப்ப ஆரம்பித்தது. கன்னங்கள் ஏறி கண்ணை இடுக்கின. தாடையோரம் பூனைமுடி முளைத்தது. மாமல்லபுரத்தில் நான் வேலை பார்த்த லாட்ஜில், "கொஞ்ச நாளைக்கு உள்ளே துணிக் கணக்கைப் பாருங்க" என்று ரிசப்ஷனிலிருந்து என்னை மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முகத்தைவிடப் பெரிய தொல்லை, ஓரிடத்தில் உட்கார முடியாதது. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து கொடியிலிருந்து துணி எடுப்பேன். பாதி மடித்ததும் வாசலைப் பெருக்கத் தோன்றும். பெருக்கி முடிப்பதற்குள் எதற்கோ கோபம் வரும். மாத்திரை அப்படித்தான் செய்யும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். தெரிந்திருந்தும் என்னால் என்னை அடக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் நானும் மகளும் மட்டும். கணவர் முட்டுக்காட்டில் படகு ஓட்டுகிறார். விடுமுறை நாள் என்றால் அங்கே கூட்டம் அதிகம், வீடு திரும்ப இருட்டிவிடும். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். முன்பெல்லாம் எதைப் பார்த்தாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். சில வாரங்களாகப் போனும் கையுமாக, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறாள். அன்று நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னா பாக்குற?"

"அனிமேம்மா, ஜப்பான் கார்ட்டூன். பேய்க் கதை மாதிரி. உனக்குப் புடிக்காது."

"போடு, நானும் பாக்குறேன்."

"வேணாம்மா. வேற எதனா பாக்கலாம்."

எதற்கு மறைக்கிறாள் என்ற எரிச்சலில் நான் விடவில்லை. அவள் இயர்போனைக் கழற்றி, முதல் எபிசோடை ஆரம்பத்திலிருந்து வைத்தாள். ஜப்பானியப் பேச்சு, கீழே ஓடும் ஆங்கில எழுத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மழை விடாத ஒரு சிற்றூர். தபால் பிரிக்கும் வேலையில் ஒரு இளைஞன். சாப்பிடும்போது பிடரி அரிக்கிறது என்கிறான். மறுநாள் சவரம் செய்யும்போது தாடை அகன்றிருக்கிறது. அதற்கு மறுநாள் பல்லுக்குப் பின்னால் இன்னொரு வரிசைப் பல். விரல்கள் நீண்டு கதவுப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றுகின்றன. அவன் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, வெளியே நின்று அவன் அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். எனக்குக் கால் எழுந்து போகத் துடித்துக்கொண்டே இருந்தது. முட்டியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எழுந்து போனால் மறுபடி என்னோடு உட்காரமாட்டாள் என்று தோன்றியது.

கடைசியில் அம்மா கதவைத் திறக்கிறாள். அவன் எழுந்து நிற்கிறான். தலை கூரையில் இடிக்கிறது. அம்மா ஓடவில்லை. கையில் கிடைத்த விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்கிறாள். திரும்பத் திரும்ப அதையே கேட்கிறாள்.

மகள் சொல்வதை நிறுத்தியிருந்தாள்.

"இன்னா கேக்குறா அவ?"

அவள் போர்வை நுனியைத் திருகினாள்.

"எழுத்து ஓடுதுல்ல, சொல்லேன்."

"என் புள்ள எங்கன்னு கேக்குது," என்றாள் மகள், திரையைப் பார்த்தபடி. "என் புள்ளைய நீ இன்னா பண்ணேன்னு, அவன்கிட்டயே கேக்குது."

படம் முடிந்து எழுத்துகள் ஓடின. நான் அடுப்படிக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினேன். அவள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"அம்மா, போன வாரம் ஸ்கூல்ல மீட்டிங்குக்கு வந்தல்ல. யாரு இதுன்னு என் கிளாஸ்ல ஒருத்தி கேட்டா. பெரியம்மான்னு சொல்ட்டேன்."

"அம்மா எங்கன்னு கேக்கலியா?"

"ஊருக்குப் போய்கீதுன்னு சொன்னேன்."

கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் வீசினேன். வெட்கமாக இருந்தால் வராதே என்று சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். அந்தச் சத்தம் என்னுடையதாகவே இல்லை. அடுத்து என்ன சொல்லிவிடுவேனோ என்று பயந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் கடற்கரைக்கு நடந்தேன்.

எங்கள் சதுரங்கப்பட்டினத்துக் கரையில் படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். வலை உலர்ந்துகொண்டிருந்தது. நான் நிற்காமல் வடக்கே போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். மூன்றாவது தடவை திரும்பும்போது அவள் எதிரில் வந்தாள். முகம் வியர்த்துச் சிவந்திருந்தது.

"மெதுவா நடம்மா. என்னால வர முடில."

கொஞ்ச தூரம் ஒன்றாக நடந்தோம்.

"வெக்கமில்ல," என்றாள். "நீ இப்டியே இருந்துடுவியோன்னு பயமா இருந்துச்சு. கேட்டவகிட்ட அதச் சொல்லத் தெரில."

"எனக்கும் அந்தப் பயந்தான்," என்றேன்.

அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. சொன்னதும் பாரம் இறங்கியது என்று எழுத ஆசைதான். இறங்கவில்லை. கால்தான் கொஞ்சம் வேகம் குறைந்தது. அவள் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

அந்தப் புதன்கிழமை பரிசோதனைக்குப் போனபோது, பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவளும் வந்தாள். நான் வாய் திறக்கும் முன்பே, "டாக்டர், மூஞ்சி எப்ப சரியாகும்?" என்று கேட்டாள். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தால் வீக்கம் இறங்கும், சில மாதம் ஆகும், அவசரப்பட்டு நீங்களாக நிறுத்தக்கூடாது என்றார் அவர். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு முந்திக்கொண்டு அவள் கேட்டது எனக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது கல்பாக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருக்கழுக்குன்றம் வரைக்கும்தான் என்னால் உட்கார முடிந்தது. தொடைக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் போய், ஸ்டாப்பில் இறங்கினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு என் பின்னால் இறங்கினாள். பஸ் போனது. அடுத்த பஸ் வரும்வரை நடக்கலாம் என்று இருவரும் ரோட்டோரமாகக் கிழக்கே நடந்தோம்.