இரண்டு ஆண்டுக்கு முந்தைய குரல்

எங்கள் பங்குக் கோவிலில் மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் தமிழில் திருப்பலி நடக்கும். மற்றபடி ஆங்கிலமும் மராத்தியும்தான். அந்த ஒரு ஞாயிற்றில் முதல் வாசகம் வாசிப்பது என் மனைவி. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், இறைவாக்கினர் ஒருவரின் நீண்ட பகுதிக்கு நடுவே அவளுடைய நாக்கு தடித்தது. குடித்தவர்கள் பேசுவதுபோல் ஒரு வரி வெளியே வந்தது. அவள் நின்று, எச்சிலை விழுங்கி, அந்த வரியை மறுபடி வாசித்தாள். இரண்டாம் முறையும் அப்படியேதான் வந்தது.

வெளியே வந்ததும், "பல் டாக்டர் போட்ட ஊசிங்க, இன்னும் மரத்தாப்பல இருக்கு" என்றாள். அவள் பல் டாக்டரைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய் என்று மருத்துவர் பிறகு சொன்னார். சிலருக்குக் கையில் தொடங்கும், சிலருக்குக் காலில். இவளுக்கு நாக்கிலும் தொண்டையிலும் தொடங்கியிருக்கிறது. மருந்து உண்டா என்று கேட்டேன். வேகத்தைக் கொஞ்சம் குறைக்க ஒன்று இருக்கிறது என்றார். நாற்பது வருடம் செய்தித்தாள் மேசையில் உட்கார்ந்தவனுக்கு அந்த வாக்கியத்தில் எது தலைப்பு, எது நிரப்பு வரி என்று தெரியும்.

அவள் இந்த மராத்தி ஊரில், எங்கள் தாபோடியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா செஞ்சிப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். இங்குள்ள எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் காதால் தெரியும், கண்ணால் தெரியாது. தமிழ் பைபிள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, திறப்பவர் குறைவு. அதனால்தான் அவள் சில ஆண்டுகளுக்கு முன் தினமும் காலையில் அன்றைய வாசகங்களைப் பதிவுசெய்து எங்கள் வாட்ஸப் குழுவில் போடத் தொடங்கினாள். முதல் வாசகம், பதிலுரைப் பாடல், நற்செய்தி. கடைசியில் அன்றைய புனிதர் யார், அவர் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று சில வரிகள். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசிப்பாள். தாபோடியில் சப்பாத்தி உருட்டுபவர்களும், விமான் நகர் ஓட்டல்களுக்குக் காலை ஷிப்ட் போகிறவர்களும் அதைக் கேட்பார்கள். யாராவது பேருந்தில் சத்தமாக வைத்துவிட்டதாகவும், பக்கத்து சீட் மராத்திக்காரர் "காய் போல்தே தீ?", என்ன சொல்கிறாள் அவள், என்று விசாரித்ததாகவும் வந்து சொல்வார்கள். அவளுக்கு அதில் பெருமை.

நோய் வந்தபின் மாவு அரைப்பது, கடைக்குப் போவது, பள்ளி அலுவலகத்தில் பார்த்துவந்த வேலை எல்லாம் ஒவ்வொன்றாக விட்டுப்போனபோது அவள் அழவில்லை. வாசிப்பு மட்டும் நின்றுவிடக் கூடாது என்றாள். அது நிற்காதவரை கடவுளோடு தனக்குப் பேச்சுவார்த்தை இருக்கிறது என்று நினைத்தாள். இது என் ஊகம் அல்ல, அவளே சொன்னது.

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். வார நாட்களின் நற்செய்தி ஆண்டுதோறும் அதே வாரத்தில் திரும்ப வரும். முதல் வாசகம் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் வரும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு முன் இதே வாரம் இதே கிழமையில் அவள் வாசித்ததுதான் இன்றைக்கும் வாசகம். இந்த வழியை என்னிடம் சொன்னபோது அவளுக்கு இன்னும் கொஞ்சம் பேச்சு மிச்சம் இருந்தது.

"பழசு எல்லாம் என் போன்ல இருக்குங்க. அதையே தினம் எடுத்துப் போடுங்க" என்றாள். எனக்கு மட்டும் புரிகிற மாதிரி.

"புனிதர் மாறிடுவாரே. வாசகம் வாரக் கணக்கு, அவர் தேதிக் கணக்கு இல்ல?"

"யாரு கவனிக்கப்போறா? நீங்கதான் பேப்பர்காரரு."

அவள் சொன்னது சரி. தேதி தவறிய புனிதர்கள் காலைதோறும் வந்துபோனார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் மகள் பாணேரில் இருக்கிறாள், கணினி வேலை. அந்தப் பழைய பதிவுகளை எல்லாம் வாங்கிக்கொண்டு போனாள். ஒரு சனிக்கிழமை வந்து அம்மாவின் கையில் போனைக் கொடுத்தாள்.

"அம்மா, நீ டைப் பண்ணு. அது பேசும். உன் வாய்ஸ்லயே. ட்ரை கர்."

அவள் 'மோர் வேணும்' என்று தட்டினாள். போன் அதைச் சொன்னது. குரல் அவளுடையதுதான், ஆனால் பீடத்தில் நின்று வாசிக்கும் குரல். இறைவாக்கினர் ஒருவர் பாவம் செய்த நகரத்தைப் பார்த்து மோர் கேட்பதுபோல் இருந்தது. நாங்கள் மூவரும் சிரித்தோம். நானும் மகளும் நிறுத்திவிட்டோம். அவளால் நிறுத்த முடியவில்லை. இந்த நோயில் சிரிப்பும் அழுகையும் தொடங்கினால் பிடிக்குள் நிற்காது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே தெரியவில்லை. அந்த ஏற்பாட்டை அவள் பிறகு தொடவில்லை. கேட்க வேண்டியதை எழுத்தாகவே காட்டினாள்.

குழுவை நடத்துவது எங்கள் அன்பியத்தின், அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக்குழுவின், தலைவி. என் மனைவியைவிட வயதில் சிறியவர், அவளை அக்கா என்றும் என்னை அண்ணா என்றும் கூப்பிடுவார். அக்காவின் தொண்டைக்காக நவநாள் வைத்தார். ஒன்பது நாள், வீட்டுக்கு வீடு, ஜெபமாலை. அந்த நாட்களில் வாசகங்களைப் போட வேண்டாம், ஜெபம் மட்டும் குழுவில் போகட்டும் என்று கேட்டுக்கொண்டார். நவநாள் முடிந்த மறுநாள் காலை நான் வழக்கம்போல அன்றைய வாசகத்தை எடுத்துப் போட்டேன்.

அதில் அவள் குரல் மணி மாதிரி இருந்தது. அவள் நன்றாக வாசித்த நாட்களில் அதுவும் ஒன்று.

அவை பழைய பதிவுகள் என்று தலைவிக்குத் தெரியும் என நான் நினைத்திருந்தேன். முன்பு வந்தவை நோய் முற்றுமுன் அவள் முயன்று வாசித்தவை, இது நவநாளுக்குப்பின் புதிதாக வாசித்தது என்று அவர் நினைத்திருந்தார். அன்று மாலை தலைவியும் இன்னும் இரண்டு பெண்களும் ஒரு கேக் பெட்டியோடு வாசலில் நின்றார்கள்.

"அண்ணா, ஏக்தம் கிளியர்! நான் ரொட்டி போட்டுக்கினு இருந்தேன், கை அப்படியே நின்னுடுச்சு. ரொட்டி கரிஞ்சே போச்சு. எங்க அக்கா?"

என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார். அவள் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். கழுத்துக்குக் கீழே துண்டு, எச்சிலுக்காக.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை. காது குளிரக் கேட்டுட்டுப் போறோம்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, வாயைத் திறந்து பேசினாள். மூக்கு வழியாக நீளமாக ஒரு ஒலி வந்தது. அதற்குள் சொல் எதுவும் இல்லை.

"பாத்தியா, அக்கா வெளையாடறாங்க" என்றார் வந்தவர்களில் ஒருவர், சிரித்துக்கொண்டே. அவள் மறுபடி அதே ஒலியை எழுப்பினாள். அந்தப் பெண் கேக் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

நான் சொன்னேன், அது இரண்டு ஆண்டுக்கு முந்தைய பதிவு என்று. ஏன் அதே வாசகம் வருகிறது என்றும் விளக்கினேன். தலைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே அண்ணா. நான் சாட்சி சொல்லிட்டேன். கட்கி, விமான் நகர் எல்லா குரூப்புக்கும் அனுப்பிட்டேன். ஒருத்தங்க அழுதுட்டாங்க. அவங்க பையன் ஐசியூல இருக்கான்."

பிறகு அவர் குரலைத் தணித்து, "இப்பவே மாத்திச் சொல்ல வேணாம். கொஞ்ச நாள் போகட்டும். ஜனங்க விசுவாசம் ஆடிப்போயிடும். நாம விட்டுடாம கேட்டா நெஜமாவே நடக்கும், இல்லையா அக்கா?" என்றார்.

அவள் போனை எடுத்துத் தட்டினாள். நேரம் பிடித்தது. அவர்கள் காத்திருந்தார்கள். திரையைத் தலைவியின் பக்கம் திருப்பினாள். 'அதுவரை நான் வெளிய வரக் கூடாதா?' என்றிருந்தது.

தலைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் கெட்டவர் அல்ல. கேக்கை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். அவளால் விழுங்க முடியாத பொருள்களில் அதுவும் ஒன்று என்பது அவர்களுக்கு நினைவில்லை.

அன்றே நான் குழுவில் திருத்தம் போட்டேன். பத்திரிகையில் போடுவதுபோல மூன்று வரி: பதிவு பழையது, குணம் ஆகவில்லை, தவறான எண்ணம் ஏற்பட்டதற்கு வருந்துகிறோம். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. கடைசியில் யாரோ ஒரு பிள்ளை ஆங்கில எழுத்தில், அப்படியானால் நவநாள் வேஸ்ட்டா என்று கேட்டிருந்தது. அதை யாரோ உடனே அழித்துவிட்டார்கள். ஐசியூவில் மகன் இருந்த அந்தத் தாய் எதுவும் எழுதவில்லை. பழசானாலும் பரவாயில்லை, அக்கா குரல் வரட்டும் என்று பலர் கேட்டார்கள். ஆகவே வாசகங்கள் தொடர்ந்தன.

ஆனால் அவள் கேட்கும் விதம் மாறிவிட்டது. முன்பு குழுவில் போடுவதற்குமுன் நான் அதை அறையில் ஓடவிடுவேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள், 'இறைவா உமக்கு நன்றி' வரும் இடத்தில் உதடு அசையும். இப்போது கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள், எதிராளியின் சாட்சியத்தைக் கேட்பவர்போல. ஒரு நாள் பதிவின் முடிவில், வாழ்நாளெல்லாம் நோயில் கிடந்த ஒரு கன்னிகையைப் பற்றி அவள் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. வலியை எதிர்க்காமல் வாங்கிக்கொண்டால் அது காணிக்கையாகிவிடும் என்ற கருத்து. அந்தக் குரல் இனிமையாக இருந்தது. அவள் கையை ஆட்டினாள். நிறுத்தினேன். 'கடைசிய வெட்டிப் போடுங்க' என்று தட்டினாள்.

"தேதி தப்பா வருதுன்னா?"

இல்லை என்று தலையசைத்தாள். 'கேக்க முடியல.'

வெட்டுவது எனக்குத் தெரிந்த வேலை. அன்றுமுதல் நற்செய்தியோடு பதிவு நின்றது. புனிதர் எங்கே என்று குழுவில் கேட்டார்கள். தலைவி வேறெங்கிருந்தோ ஒரு ஆண் குரலைக் கண்டுபிடித்து, பின்னணியில் புல்லாங்குழலோடு புனிதர்களைத் தனியாக அனுப்பத் தொடங்கினார்.

பிறகு அந்த வாரம் வந்தது. எல்லாவற்றையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்தவன் தான் பிறந்த நாளைச் சபிக்கும் பகுதி அன்றைய முதல் வாசகம். பதிவை ஓடவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் இடம் கொடுத்து, மூச்சை எங்கே எடுக்க வேண்டுமோ அங்கே எடுத்து, அவள் அதை வாசித்திருந்தாள். பிறக்கும்போதே செத்திருக்கக் கூடாதா என்று அவன் கேட்கும் இடத்தில் குரல் லேசாகத் தாழ்ந்தது. தமிழ்த் திருப்பலியில் அப்படி வாசித்தால் முன்வரிசையில் கைக்குட்டை எடுப்பார்கள்.

அவள் முழுவதையும் கேட்டாள். 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்று குரல் முடித்தபின் போனைக் கேட்டு வாங்கினாள். விரல்கள் அதற்குள் தளரத் தொடங்கியிருந்தன.

'இவ எவ்ளோ அழகா வாசிக்கிறா. ஒண்ணும் தெரியாம வாசிக்கிறா.'

சற்று இடைவெளி விட்டு, 'போடாதீங்க. இனிமே எதையும்' என்று சேர்த்தாள்.

அன்று நான் எதையும் அனுப்பவில்லை. மறுநாளும் அனுப்பவில்லை. சிலர் உடம்பு எப்படி என்று விசாரித்தார்கள். சில வாரங்களில் அதுவும் நின்றது. புல்லாங்குழல்காரர் வாசகங்களையும் சேர்த்தே வாசிக்கிறாராம், தெளிவாக இருக்கிறதாம்.

எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது. கோவிலில் பாதி நேரம் ஒலிபெருக்கியின் கோளாறைக் கவனித்துக்கொண்டிருப்பவன். ஆனாலும் அந்தக் காலை நேரத்தின் வெறுமை தாங்கவில்லை. பைபிளை எடுத்து அன்றைய பகுதியைத் தேடி வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"குழுவுக்கு இல்ல. உனக்கு மட்டும். நான் வாசிக்கட்டுமா?"

அவள் தட்டினாள்: 'நாளைக்கு.'

மறுநாள் வேறு பகுதி. அதைத் தேடி வைத்துக்கொண்டு கேட்டேன். நாளைக்கு. வாசகங்கள் எனக்காக நிற்பதில்லை. ஒவ்வொரு நாளும் அதனதன் பகுதி வந்தது, வாசிக்கப்படாமல் போனது. நான் தேடி எடுப்பதை நிறுத்தவில்லை. குழாய் மூலம் அவளுக்குக் கஞ்சி கொடுத்து, வாய் துடைத்து, தலையணையைச் சரிசெய்தபின் கேட்பேன்.

இப்போது அவள் விரல்கள் எழுத்தைத் தொடுவதில்லை. கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறாள். நாளைக்கு என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு புத்தகத்தை மூடி வைக்கிறேன். அதை வேறு எப்படி எடுத்துக்கொள்ளலாம் என்பதும் எனக்குத் தெரியும்.