ஏழு மணி மாத்திரை

என் மாமியார் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் என் மாமனாருக்குத் தெருவே நாள் குறித்துவிட்டது. அந்தமானில், புரோத்ராபூரில் எங்கள் தெருவில் எட்டு வீடு. வங்காளம், தெலுங்கு, மலையாளம், தமிழ் என்று வீட்டுக்கொரு பாஷை. தண்ணீர்க் குழாயிலிருந்து கோழி மேய்வது வரை எதிலும் ஒத்துப்போகாதவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசினார்கள். எதிர்வீட்டு வங்காளத்து மாசி வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு, "ஜோடி டூட் கயா, பேட்டி" என்றாள். ஜோடி உடைந்துவிட்டதாம். இனி தாங்கினால் ஆறு மாதம் என்று விரலை வேறு விரித்துக் காட்டினாள். கறிவேப்பிலை கேட்க வந்தவள் மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோபத்துக்குக் காரணம், அவள் சொல்வது நடந்துவிடும்போல இருந்ததுதான். மாமா கொத்தனார் மேஸ்திரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் சர்க்கார் கட்டட வேலைக்காகக் கப்பலேறி வந்தவர். அறுபது வயதில்கூடச் சாரத்தில் ஏறி நின்று கீழே இருப்பவர்களைத் திட்டியவர். அப்பேர்ப்பட்ட மனிதர் இப்போது கட்டிலைவிட்டு எழுந்தால் தலை சுற்றி, தான் கட்டிய சுவரையே பிடித்துக்கொண்டு நடந்தார். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒரு தடவை கிணற்றடியில் விழுந்தார்.

அத்தையும் அவரும் வாழ்ந்த லட்சணத்தைப் பார்த்தவர்கள் யாரும் இப்படி ஒரு துக்கத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இருவரும் நேருக்கு நேர் பேசுவதே அபூர்வம். "உங்க மாமாவ குளிக்கச் சொல்லு" என்று அத்தை என்னிடம் சொல்வார். மாமா பக்கத்திலேயே இருப்பார். நேரடிப் பேச்சென்றால் காலை ஏழு மணிக்கு மட்டும்தான்.

அத்தைக்குப் பிரஷர். அது தெரிந்த நாள் முதல் மாத்திரை கொடுப்பது மாமாவின் உத்தியோகம். அபர்டீன் பஜாருக்குப் போகும் ஏழு மணி பஸ் எங்கள் தெரு வளைவில் ஹாரன் அடிக்கும். என் கணவர் டிபன் பாக்ஸோடு ஓடுவார். மாமா ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் டம்ளருமாக அத்தை முன்னால் வந்து நிற்பார்.

"வாயத் தொற."

"எனக்கு ஒண்ணுமில்ல."

"தொறன்னா தொறடி."

அத்தை முறைத்துக்கொண்டே திறப்பார். தண்ணீரைக் குடிப்பார். பிறகு, இந்தா பார்த்துக்கொள் என்று நாக்கை முழ நீளத்துக்கு நீட்டிக் காட்டுவார். "தீக் ஹை", சரிதான், என்று மாமா நகர்வார். அன்றைய தாம்பத்தியம் அதோடு முடிந்தது.

ஒரு மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை அப்படியே சாய்ந்தார். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டும் இப்படி ஆகிவிட்டதே என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

மாமாவுக்கு வைத்தியம் எட்டுத் திசையிலிருந்தும் வந்தது. மாசி மீன் ரசம் மாதிரி ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். மலையாளத்து வீட்டிலிருந்து கஷாயம். நாக்குக்கு ருசி வந்தால் உயிர் தானாக வரும் என்று தெலுங்குக்காரர் வீட்டிலிருந்து புளிச்சக்கீரை ஊறுகாய். மாமா எதையும் தொடவில்லை. எல்லாவற்றையும் என் கணவர் சாப்பிட்டார். அப்பாவுக்கு வந்த வைத்தியத்தில் பிள்ளைக்குத் தொப்பை விழுந்தது.

டாக்டரம்மாவிடமும் கூட்டிப்போனேன். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிரஷர் ரொம்ப இறங்கியிருக்கிறது என்றார். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார். "இல்லவே இல்ல" என்று அடித்துச் சொன்னது நான்தான். அப்படியானால் துக்கமும் பட்டினியும்தான் என்று அவர் முடிவுக்கு வந்தார். பக்கத்தில் மாமா கூரையில் விரிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருச்சியில் இருந்த என் கணவரின் அண்ணன் கடிதம் எழுதினார். அப்பாவை அடுத்த கப்பலிலேயே ஏற்றிவிடுங்கள், மெயின்லேண்டில் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள், இனி அவர் இங்கேயே இருக்கட்டும் என்று. என் கணவர் டிக்கெட்டும் வாங்கிவந்துவிட்டார். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும் போயிட்டா இங்க அவளுக்கு யாரு இருக்கா?" என்றார். இந்த மண்ணில் எரித்தவளை இங்கேயே விட்டுவிட்டுப் போவதா என்று கேட்டார்.

எனக்கும் அவரை அனுப்ப மனமில்லை. அந்த வீட்டில் என் ரசத்தை "நல்லாருக்கும்மா" என்று சொன்ன ஒரே ஜீவன் அவர். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கிணற்றடிக்குப் போகவே சுவரைப் பிடிக்கிறவர், ஆடுகிற கப்பலில் நாலு நாள் எதைப் பிடித்துக்கொண்டு போவார்? உயிரோடு மெட்ராஸ் போய் இறங்குவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

கப்பலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவருடைய டிரங்குப் பெட்டியை அடுக்க உட்கார்ந்தேன். பெட்டியின் மூடி திறந்து என்னை மறைத்துக்கொண்டிருந்தது. ஏழு மணி பஸ் ஹாரன் அடித்தது. சுவரைப் பிடித்தபடி மாமா உள்ளே வந்தார். பீரோமேல் இருந்த அத்தையின் வெற்றிலை டின்னை எடுத்தார். அதற்குள் விரலை விட்டு எதையோ எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு சவரம் செய்யும் கண்ணாடி முன்னால் போய் நின்று நாக்கை நீட்டினார். தனக்குத்தானே "தீக் ஹை" என்றார்.

நான் எழுந்து நின்றேன். டின்னை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"மாமா, என்ன அது?"

"உங்க அத்தையோடது."

"அத்தையோட மாத்திரையா? அத நீங்க எதுக்குச் சாப்பிடறீங்க?"

"அவ சாப்பிடலையே" என்றார்.

டின்னை வாங்கிப் பார்த்தேன். காய்ந்த வெற்றிலைக்கும் பாக்குக்கும் அடியில், துணியில் முடிந்து அத்தனை மாத்திரை. ஓரம் கரைந்து, வெற்றிலைக் காவி ஏறி, எல்லாம் அத்தை வாய்க்குள் போய் வந்தவை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு டின்னைத் திறந்தபோதுதான் மாமா பார்த்தாராம். நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துக்கொண்டு, நாக்கை மட்டும் நீட்டிக் காட்டிவிட்டு, எத்தனையோ நாள் அவரை ஏமாற்றியிருக்கிறார்.

"வேணாம்னா அத்தை தூக்கிப் போட்டிருக்கலாமே மாமா?"

"கப்பல்ல வந்ததாச்சேம்மா" என்றார், இதுகூடவா தெரியாது என்பதுபோல.

அது சரிதான். எங்கள் ஊரில் கப்பலில் வந்த எதையும் யாரும் எறிந்ததில்லை. பெட்டியைப் பிரித்தால் ஆணியை நிமிர்த்தி வைப்போம். வெங்காயச் சாக்கு மிதியடியாகும், பால் பவுடர் டின் குளிக்கிற குவளையாகும். பிடிக்காத மாத்திரையை அத்தை விழுங்க மாட்டார். ஆனால் எறியவும் மாட்டார். மாமாவுக்கும் எறிய மனம் வரவில்லை. ஏழு மணிக்கு அவர் கைக்கும் வேறு வேலை தெரியவில்லை.

"அவ சாப்பிட்டிருந்தா இருந்திருப்பா" என்றார். "வாயத் தொறன்னு சொன்னேன். நாக்க நீட்டினா, பாத்தேன். நாக்கத் தூக்குன்னு ஒரு நாள் சொல்லலியேம்மா நான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டையும் அடக்க முடியாமல் திட்டத் தொடங்கினேன். மாமனாரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "உங்களுக்குப் பிரஷரே கிடையாது மாமா! இல்லாத பிரஷர தெனமும் எறக்கிக்கிட்டே போனா மனுஷன் எப்படி நிப்பான்?" மாசி வேலிக்கு வந்துவிட்டாள். அவளையும் சேர்த்துத் திட்டினேன்.

அன்றே டாக்டரம்மாவிடம் ஓடினோம். என்னால் ஒன்றும் விளங்கச் சொல்ல முடியாது என்று மாசியும் கூடவே வந்தாள். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். மாத்திரைகளைக் கொட்டிக்கொண்டு காலி டின்னைத் திருப்பிக் கொடுத்தார், மாமா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது டாக்டரம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்து, "உனக்கு ரத்தமே இல்லையே" என்று ஒரு பாட்டில் இரும்புச்சத்து மாத்திரையை என் கையில் திணித்தார்.

ஒரு வாரத்தில் மாமா சுவரை விட்டு நடந்தார். அதற்கு முன்பே கப்பல் அவரில்லாமல் போயிருந்தது. திருச்சியில் என் கணவரின் அண்ணன் கோபித்துக்கொண்டார். மீன் ரசத்தால்தான் பிழைத்தார் என்று மாசியும், ஊறுகாயால்தான் என்று தெலுங்குக்காரர் வீட்டிலும் சொல்லிக்கொண்டார்கள்.

உடம்புதான் தேறியது. ஏழு மணிக்கு ஹாரன் அடித்தால், மாமா டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடு வீட்டில் வந்து நிற்பார். எதற்கு வந்தோம் என்று தெரியாதவர் போலச் சுற்றிப் பார்ப்பார். பிறகு தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு வந்து படுத்துக்கொள்வார். நாலு நாள் பார்த்தேன். தாங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் என் மாத்திரை பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் நின்றேன். சண்டைக்குத் தவிர வேறெதற்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று என் கணவர் சொல்வதுண்டு. அன்றைக்குத் திறந்தேன்.

மாமா மாத்திரையைப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். நாக்கை நீட்டினேன்.

"தூக்கு" என்றார்.

தூக்கினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவருக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். "தீக் ஹை" என்றார். அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

நாலு மாதம் கழித்து, ரத்தம் ஏறிவிட்டது, மாத்திரையை நிறுத்து என்றார் டாக்டரம்மா. அன்றும் மாசி கூட வந்திருந்தாள். வீட்டில் நான் மூச்சு விடவில்லை. அபர்டீன் பஜாரில், உடம்பை ஒன்றும் செய்யாத ஈஸ்ட் மாத்திரை வாங்கி அதே பாட்டிலில் போட்டு வைத்தேன். மனுஷனை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தியது. ஆனாலும் அவர் தோட்டத்தில் கிழங்கு போட்டார், சமையலறைத் தரையைப் பெயர்த்துச் சரிசெய்தார், என் ரசத்தில் உப்பு கம்மி என்றுகூட ஒரு நாள் சொன்னார். அப்படியே ஒரு வருஷம் போனது.

ஒரு நாள் காலை, ஹாரனுக்கு முன்பே டம்ளரோடு வந்து நின்றார்.

"அந்த இரும்பு மாத்திரைய டாக்டரம்மா நிறுத்தச் சொல்லிட்டாங்களாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு மாமா சொன்னா?"

"மாசி."

"எப்போ?"

"அப்பவே சொன்னாளே. வருஷமாச்சு."

"அப்புறம் ஏன் மாமா தெனமும் குடுத்தீங்க?"

அவர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "நீ தெனமும் வாயத் தொறந்துக்கிட்டு எதுத்தாப்புல வந்து நிக்கிறியேம்மா. சரி, புள்ளைக்கு மனசுல ஏதோ கொறைன்னு நெனச்சேன்."

வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. நான் வாயைத் திறந்தேன்.

"நாக்கத் தூக்கு" என்றார்.