பூசணிப் பிஞ்சு உதிர்ந்த மார்கழி

மார்கழிக் குளிர்ல சாணி உருண்டையில பூசணிப்பூவைச் செருகுனா விரலெல்லாம் மஞ்சள் பொடி ஒட்டும்... ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க தெருவுலயே பெரிய கோலம் என்னோடதுதான். அந்தத் திமிர் எனக்கு அப்ப நிறையவே உண்டு.

கொல்லையில அம்மா மூணு கொடி போட்டிருந்தாங்க. நாட்டு உருண்டைப் பூசணி காய்க்க நாளாகும், ஆனா புளிக்குழம்புல கரையாம துண்டு துண்டா நிக்கும். தட்டைப் பூசணி சீக்கிரம் காய்க்கும். அடுப்புல வச்சதும் குழைஞ்சிரும், பருப்புக் கூட்டுக்குத்தான் சரி. கூரை மேல தடியங்காய், அதான் வெள்ளைப் பூசணி... மோர்க்குழம்புக்கு அதை அடிச்சுக்க ஆளில்லை. மாசக்கணக்குல கெடவும் செய்யாது.

ஒரு நாள் பக்கத்து வீட்டு செல்வி அக்கா எட்டிப் பார்த்து, "ஏட்டி, எம்புட்டு பிஞ்சு!"ன்னாங்க.

அந்த வாரமே கீழ இருந்த ரெண்டு மஞ்சப் பூசணிக் கொடியிலயும் பிஞ்சு மொத்தமும் வெம்பி உதிர்ந்துச்சு. பொங்கல் குழம்புக்கு ஒரு காய் இல்லை. தடியங்காய் மட்டும் தப்பிச்சுது.

"அவ கண்ணு பட்டுட்டு"ன்னு அம்மா தெருவே கேக்கச் சொன்னாங்க. நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். அதோட பேச்சு நின்னுபோச்சு. அக்கா கல்யாணமாகி வ. புதுப்பட்டிக்குப் போனப்பகூட நாங்க எட்டிப் பார்க்கலை.

இப்ப ராஜபாளையத்துல மொட்டை மாடியில க்ரோ பேக்னு விக்கிற மண்ணுப் பையில பூசணி வளர்க்கிறேன். புதுசா பட்டர்நட்னு ஒரு சீமைப் பூசணியும் உண்டு... நல்ல இனிப்பு, ரெண்டு பேர் சமையலுக்கு அளவான காய். போன மார்கழியில அதுலயும் பிஞ்சு உதிர்ந்துச்சு. விதைக்கடை அண்ணாச்சிகிட்ட புலம்பினேன்.

"பூவைப் பறிக்கியளாம்மா?"

"கோலத்துக்குப் பறிப்பேன் அண்ணாச்சி. பிஞ்சு இல்லாத பூவை மட்டுந்தான்."

"அதுதாம்மா ஆம்பளப் பூ. அம்புட்டையும் பறிச்சுட்டா மகரந்தம் ஏது, பிஞ்சு எப்பிடி நிக்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அன்னைக்கு ஊர்லயும் கீழ கொடிப் பூவெல்லாம் பறிச்சது நான்தானே, கூரை எட்டாதுன்னு தடியங்காய்ப் பூவை நான் தொடவே இல்லை... அதான் அது மட்டும் காய்ச்சிருக்கு! 

யார் யார்கிட்டயோ நம்பர் வாங்கி அக்காவுக்கு போன் போட்டேன். எல்லாத்தையும் கொட்டினேன். "உங்க கண்ணு இல்லக்கா... என் கைதான்."



"ஏட்டி, நானும் என் கண்ணுதான்னு நம்பிட்டேன். ரெண்டு புள்ள பெத்தேன். ஒருக்காகூட வாயத் தொறந்து அழகுன்னு சொன்னதில்லட்டி, என்னமும் ஆயிருமோன்னு பயம்."

அன்னைக்குத் தெருவே கேக்கக் கத்தின நான், "இப்பவாச்சும் அதுககிட்ட சொல்லுங்கக்கா"ன்னு போன்ல மெதுவாச் சொன்னேன்.

அந்தப் பிள்ளைகள்ல மூத்தவன் இப்ப பட்டாளத்துல இருக்கானாம்...