இருட்டிய திரையில் கடைசி மகன் கல்யாணம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கடைசிப் பிள்ளை தவழ்கிற பருவத்தில் வீட்டுக்காரர் செத்துப்போய்விட்டார். அதற்குப் பிறகு குறுவைக்கு நாற்று விட்டது, அறுப்புக்கு ஆள் பிடித்தது, வாய்க்கால் தண்ணீருக்கு வரப்பில் நின்று சண்டை போட்டது எல்லாம் நான்தான். வயலில் யாரும் என்னை ஒதுங்கி நில் என்று சொன்னதில்லை.

கல்யாணத்தில்தான் சொன்னார்கள். நான்கு பிள்ளைகளுக்கு நானே பார்த்து முடித்த கல்யாணம். ஆனால் தாலி கட்டுகிற நேரத்துக்கு, புருஷன் இல்லாதவள் எதிரில் நிற்கக்கூடாது என்று என்னைச் சமையல்கட்டுக்கு அனுப்பினார்கள். கெட்டிமேளம் கேட்டால் தாலி ஏறிவிட்டது என்று நானாகத் தெரிந்துகொள்வேன். நான்கு தடவையும் அப்படித்தான்.

கடைசி மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. கல்யாணமும் அங்கே ஒரு கோயிலில். முழங்கால் ஆபரேஷன் செய்த புண் ஆறாததால் டாக்டர் என்னை விமானம் ஏறக்கூடாது என்றார். மகன் போனில் சொன்னான்.

"அம்மா, மணவறைக்கு எதிர்ல லேப்டாப் வச்சிருப்போம். வீட்டுல நீ முன்னாடி உக்காரு. நீ அட்சதை போடுறத நான் பாத்துக்கிட்டேதான் தாலி கட்டுவேன்."

அன்று காலையில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் உட்கார்ந்தேன். திருவாரூரில் பேங்க் வேலை பார்க்கும் பெரிய மகன் தன் லேப்டாப்பை ஸ்டூலில் வைத்தான். கரண்ட் இல்லை, பேட்டரியில் ஓடியது. அங்கே ஐயர் வரத் தாமதம். காத்திருந்தபோது, சார்ஜ் மிச்சம் பிடிக்கிறதாம், திரை தானாக அணைந்தது. பெரியவன் ஒரு பட்டனைத் தட்டினான். நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. திரை மட்டும் கறுப்பு.

அந்தக் கறுப்புக்குள் இருந்து கடைசி மகன் குரல் வந்தது. "அம்மா, நீ நல்லாத் தெரியுற! நான் தெரியுறனா?"

"தெரியலடா தம்பி. ஆனா கேக்குது. நீ கட்டு." கையில் அரிசியை எடுத்துக்கொண்டேன்.

பெரியவன் சும்மா இருந்தானா? கண்ட பட்டனையெல்லாம் அமுக்கினான்.

"டேய், மேளம் கேக்குதுடா. அவனுக்கு நான் தெரியுறேன். கைய எடு."

"ம்மா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சும்மா இரு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா சரியாயிரும்."

"வேணாம்டா, மந்திரம் ஆரம்பிச்சிட்டாரு!"

பட்டனை அமுக்கிப் பிடித்தான். மந்திரம், மேளம், மகன் குரல் எல்லாம் ஒரேயடியாக நின்றன. மறுபடி திரையில் படம் வந்தபோது பெண்ணின் கழுத்தில் தாலி இருந்தது. போட்டோவுக்கு நின்றார்கள்.

"அதுக்கென்னம்மா, ரெக்கார்டு இருக்கு. சாயங்காலம் போட்டுக் காட்டுறேன்" என்றான் பெரியவன்.

அந்த அரிசியை அவன் மூஞ்சியில் வீசத் தோன்றியது. கல்யாண அரிசி ஆச்சே என்று வீசவில்லை.

சாயங்காலம் ரெக்கார்டு போட வந்தான். மறுபடியும் திரை அணைந்து, தட்டியும் எழவில்லை. ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படிக்கும் அவன் மகள் டார்ச் அடித்துப் பார்த்தாள். "படம் மங்கலாத் தெரியுதுப்பா. முழிக்கிறப்ப வெளிச்சம் அடியோட கொறைஞ்சிருது" என்று வேறொரு பட்டனைத் தொட்டாள். பளிச்சென்று வந்தது.

அப்படியானால் காலையிலும் படம் என் கண்ணுக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது! ரெக்கார்டை நான் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை. முடிந்துபோன கல்யாணத்துக்கு யார் அட்சதை போடுவார்கள்?

"ஒரு பட்டனுக்காக எத்தனை நாளும்மா பேசாம இருப்ப?" என்று பெரியவன் நேற்று கேட்டான்.

"பட்டனுக்கு இல்லடா. சமையல்கட்டுக்குப் போன்னு சொன்னது ஊரு. சும்மா இருன்னு சொன்னது நீ."

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதைப் பேத்திதான் எழுதினாள். "அப்பாவத் திட்டுனத விட்டுரலாமா அப்பாயி?" என்றாள். ஒரு எழுத்து விடக்கூடாது என்றேன்.

பெரியவன் இப்போது சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். எங்கே, முதலில் இருந்து வாசி குட்டி. அவன் காதில் விழுகிற மாதிரி வாசி.