குடத்தில் படிக்கட்டு

சரியாக வேகாத அடுப்புக்கரியைச் சுண்ணாம்புச் சுவரில் இழுத்தால் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வரும், பல் கூசும். ஒரு கோடை முழுவதும் எங்கள் வீட்டுப் பின்சுவரில் நான் அந்தச் சத்தத்தை எழுப்பிக்கொண்டே இருந்தேன், தறிக்குழியில் உட்கார்ந்திருந்த அப்பா பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்குக் காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வரை பஸ்ஸில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் பார்க்கிற கடைப் பலகைகளில் பாதி என் கடையிலிருந்து போனவை என்பதை, சொல்ல வேண்டாம் என்று நினைத்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கரையும் உடலும் வேறு வேறு நிறமாக நெய்யும் புடவைக்கு, கரைக்கென்று தனியாக ஒரு ‘நாடா’, அதாவது ஊடை இழையைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை, ஓட வேண்டும். அதைத் தள்ள அப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எனக்கோ ஓரிடத்தில் உட்கார்ந்தால் காலில் எறும்பு ஊரும். எங்கள் தெருவில் குடியிருந்த போர்டு எழுதும் பாய், வைகாசித் திருவிழாவுக்கு முன்னால் பாத்திரக்கடைச் சுவரில் பெரிய பித்தளைக் குடம் வரையப் போகிறார், கூட ஒரு கை தேடுகிறார் என்று தெரிந்ததும் ஓடிப்போய் நின்றேன்.

“கோடு, முட்டை, பெட்டி. இந்த மூணும் ஒழுங்கா வரட்டும், அப்பறம் வாபா” என்று அனுப்பிவிட்டார்.

அப்பாவும் கெடு வைத்தார். “கோயில்ல கொடி ஏறுற வரைக்கும் கிறுக்கிக்கோ. ஏறிச்சின்னா குழியில எறங்கிடணும்.”

நான் பார்த்து வளர்ந்த படமெல்லாம் புடவைக்கு டிசைன் போடும் கட்டத்தாள்தான். அதில் மயிலின் கழுத்தானாலும் மாங்காயின் வளைவானாலும் கட்டம் கட்டமாகத்தான் ஏறி இறங்கும். என் கையும் அப்படியே பழகியிருந்ததால், முட்டை போடப் போனால் ஓரமெல்லாம் படிபடியாக வந்தது. பெட்டி போடச் சொன்னால் வெறும் சதுரம் வந்தது. பாயின் மகன் அன்வர், என் வயசுக்காரன், என் சுவரைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“டேய் தறிக்காரா, குடத்துக்கு இன்னாடா படிக்கட்டு? தண்ணி ஏறி வரணுமா?”

அன்றிலிருந்து சுவரே கதி என்று கிடந்தேன். கோடுதான் முதலில் வசப்பட்டது: விரலால் இழுத்தபோது நடுங்கிய கோடு, நாடாவை வீசுகிற மாதிரி தோளிலிருந்து ஒரே வீச்சாக வீசியபோது நேராகப் போயிற்று. தீப்பெட்டியின் மூலை என்னைப் பார்க்கும்படி வைத்து, அந்த மூலையிலிருந்து மூன்று பக்கமும் கோடு ஓடுவதைக் கண்டுபிடித்தேன். முட்டைதான் அழ வைத்தது. குழாயடியில் வரிசையாக வைத்திருந்த குடங்களுக்கு முன்னால் உட்கார்ந்தேன், எழுந்தேன், எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு நேரே வந்தால் குடத்தின் வாய் வெறும் கோடு, எழுந்தால் முட்டை, மேலிருந்து குனிந்தால் முழு வட்டம்!

“இன்னாடா இது, குடத்துக்கு முன்னால தோப்புக்கரணம் போட்டுக்கினு இருக்கிற?” என்று பெண்கள் விரட்டினார்கள். நான் வீட்டுக்கு ஓடி, கையை நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிப் போட்டேன். படிகள் தேய்ந்துகொண்டே வந்து ஒருநாள் காணாமல் போயின. அன்வர் பார்த்தான், சிரிக்காமல் ஓடிப்போய்ப் பாயை அழைத்து வந்தான். பாய் என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் கொடியேற்றம், அப்பா வைத்த கெடு முடியும் நாள். பாத்திரக்கடைச் சுவரில், ஏணி உச்சியில் நின்று குடத்தை வரைந்தேன். அவ்வளவு உயரத்தில் இருக்கும் குடத்தின் வாய் தெருவில் நிற்பவனுக்குத் தெரியாதே! குழாயடியில் படித்தவன் இல்லையா நான், வாயே இல்லாமல் வரைந்துவிட்டேன்.

கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். “இன்னா பாய், மூடி போட்ட குடமா? இதுல எவன்யா தண்ணி புடிப்பான்? அந்தப் பையன எறக்கு!”

கீழே அப்பா நின்றுகொண்டிருந்தார், என்னை அழைத்துப் போக. பாய் தலையைச் சொறிந்தார். இறங்கினால் தறிக்குழிதான் என்று தெரிந்தது. இறங்கவில்லை. கோபத்தில் கரியை எடுத்துத் தோளைச் சுழற்றி ஒரே வீச்சில் வாயைப் போட்டேன். எங்கேயும் முனையில்லை, படியில்லை. குடம் வாயைத் திறந்தது. “இது குடம்!” என்றார் கடைக்காரர்.

அப்பா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். “சரி, கரை நாடாவுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்தார்.

அந்தச் சுவர் இன்று கண்ணாடியாகிவிட்டது, குழாயடியும் இல்லை. போர்டெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் அடிக்கிறோம், மிஷினும் என்னுடையதுதான். ஆனாலும் காலையில் கடை திறந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு, முட்டை, பெட்டி போடாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. போன வாரம் அன்வர் டீயோடு வந்து எட்டிப் பார்த்தான். வயசாகிவிட்ட கையின் நடுக்கத்தில் முட்டையின் ஓரம் படிபடியாக இறங்கியிருந்தது.

“சிரிடா” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. “டீ ஆறுது, குடி” என்றான்.

டீயைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த தாளைக் கிழித்தேன்.